தொடாதே என்று பெயர் வைத்த இடம்

அந்த அக்காவிடம் பென் டிரைவ் கிடையாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் பென் டிரைவ் இல்லை என்று சொன்னால் காரைக்குடியில் யாரும் நம்பமாட்டார்கள். அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டினாலும் நாலு ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், நாற்பது பக்க நோட்டு ஒன்று, வீட்டிலேயே போட்டு எடுத்துவந்த டீ ஃபிளாஸ்க், இவ்வளவுதான் விழும். இதை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலேயே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விடுவார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பெயர் ஒருமுறை என்னால் கெட்டது போதும்.

அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. மெஷினில் கை வைக்குமுன் இரண்டு கைக் கண்ணாடி வளையல்களையும் கழற்றி மானிட்டரின் மூலையில் மாட்டிவிடுவார். வளையல் அங்கே தொங்கும்வரை வேறு யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. வேலை முடிந்து வளையல் கைக்குத் திரும்பினால்தான் மெஷின் நம்முடையது. வேலை முடியாமல் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அப்புறம் அந்தக் கேள்வி. "உள்ள என்ன இருக்குன்னு சொல்லு." வந்ததும் ஒருமுறை கேட்பார். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றும்போது ஒருமுறை. கீபோர்டில் விரலை வைத்தபிறகு ஒருமுறை.

"ஏங்க்கா ஒரே கேள்விய மூணு தடவ கேக்குறீக?" என்று எரிச்சலாகக் கேட்டேன், முதல்முறை என் கடைக்கு வந்தபோது.

"மொதத் தடவ ஞாபகத்துல இருக்குறதச் சொல்லுவாக. ரெண்டாந்தடவ மறந்ததச் சொல்லுவாக. மூணாந்தடவதேன் மறச்சது வெளிய வரும்" என்றார்.

அன்று நானும் மூன்றாவது தடவையில்தான் சொன்னேன். என் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோன காலத்தில் அவனுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த மூன்று கடிதங்கள் உள்ளே இருந்தன. என் கணவருக்கே அது தெரியாது. அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. நோட்டில் ‘கடிதம் - 3’ என்று எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

செக்காலைப் பக்கம் எனக்கு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கையால்தான் வடிவம் பெறும். கை பழகிய தமிழ் டைப்செட்டிங் சாஃப்ட்வேர் ஒன்று பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆனால் அந்தப் பழைய விண்டோஸில் வாடிக்கையாளர் அனுப்பும் ஃபைல்கள் பாதி திறக்காது. புது விண்டோஸைத் தாங்க என் மெஷினுக்குத் தெம்பில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஃபார்மேட் பண்ணிரலாம்" என்றார்கள். அக்கா அந்த வார்த்தையை வாயிலேயே எடுக்கமாட்டார். இருப்பதை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தை வைத்துத் தருகிறேன் என்றார்.

"வீட்டுல ரெண்டு அண்ணன் தம்பி இருந்தா என்ன செய்வாக? வீட்டையா இடிப்பாக? அடுப்ப மட்டும் பிரிச்சு ஆளுக்கொரு பக்கம் பொங்கித் திங்கமாட்டாகளா? அது மாதிரித்தேன்."

செய்தும் காட்டினார். ஹார்ட் டிஸ்க்கில் சும்மா கிடந்த இடத்தைச் சுருக்கிப் பிரித்தார். பெரிய பங்கு புதுசுக்கு. ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு. இணையத்தில் இறக்கிய லினக்ஸை அந்தத் துண்டுக்குள் விரித்து வைத்து, மெஷின் எழும்பும்போது முதலில் அங்கே போய்ப் பார்க்கும்படி செய்தார். வேறு ஆட்கள் பென் டிரைவைச் செருகிச் செய்கிற வேலையை அந்தத் துண்டு செய்தது. அங்கிருந்து கிளம்பிய லினக்ஸ் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏறி முடிந்ததும், எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்கிற பட்டியலையும் அந்தத் துண்டிலேயே வைத்தார். அந்தத் துண்டுக்குப் பெயர் கேட்டது மெஷின். ‘தொடாதே’ என்று அடித்தார்.

"இதுல இடம் கொஞ்சந்தேன் இருக்கும். பாத்தா சும்மா கெடக்குற மாதிரி இருக்கும். ஆனா வாசக்கதவு இதுலதேன் இருக்கு. இத மட்டும் தொடாத தாயி" என்றார். சரி என்று தலையாட்டினேன். வளையல்கள் கைக்குத் திரும்பின. அதற்கப்புறம்தான் என் கடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

பென் டிரைவ் மேல் என்ன கோபம் என்று ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் அவரிடமும் ஒன்று இருந்திருக்கிறது. ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு அதையே ஒரு காலேஜ் பெண் வீட்டு மெஷினில் செருகியிருக்கிறார். கூடவே வைரஸும் போயிருக்கிறது. அந்தப் பெண் ஒரு வருடமாகச் செய்த புராஜெக்ட் போய்விட்டது. "அந்தப் புள்ள ஒரு வார்த்த வையலத்தா. மெதுவாக் கதவச் சாத்திக்கிருச்சு. வஞ்சிருந்தாகூட மறந்திருப்பேன்" என்றார். வீட்டுக்குப் போய்ப் பென் டிரைவை அம்மியில் வைத்து நசுக்கினாராம். "ஊருணியில எறியலாம்னு பாத்தேன். குடிக்கிற தண்ணியாச்சேன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டு ஆச்சிக்கு அவர் மெஷின் சரிசெய்து கொடுத்த கதையை அவர் சொல்லவில்லை, அந்த வீட்டுக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது நானே கேள்விப்பட்டது. ஆச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. திரையில் இரண்டாவது வரிசை மூன்றாவது படத்தை அமுக்கினால் மலேசியாவில் இருக்கும் மகன் முகம் வரும், அது ஒன்றுதான் தெரியும். அக்கா அந்தத் திரையில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று நோட்டில் கட்டம் போட்டு வரைந்துகொண்டு, வேலை முடிந்தபின் அச்சு மாறாமல் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மெஷினில் எதையோ மாற்றினார்கள் என்பதே ஆச்சிக்குத் தெரியாது. அதுதான் அவர் வேலை பார்த்ததற்கு அடையாளம்.

இப்படிப்பட்டவரைத்தான் ‘அழிச்ச பொம்பள’ என்று ஒரு ஊரே சொல்கிறது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான்.

காளையார்கோவில் போகிற வழியில் ஒரு ஊர். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான். அங்கே பங்காளிக் கூட்டத்தைக் கரை என்பார்கள். மொத்தம் நாலு கரை. அய்யனாருக்கு மண் குதிரை செய்து தூக்கிப் போகும் புரவி எடுப்பு அங்கே எட்டு வருடமாக நடக்கவில்லை. நோட்டீஸில் எந்தக் கரையின் பெயர் இரண்டாவதாக வரவேண்டும் என்று சண்டை. வெளியூர்க்காரருக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இருக்காது. பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்காகக் கல்யாணத்துக்கே போகாதவர்கள் என் சொந்தத்தில் இருக்கிறார்கள்.

பேசிப் பேசி ஒருவழியாகச் சமாதானம் ஆனது. ஊர்த் தலைவரான அம்பலமும் இரண்டு பெரியவர்களும் என் கடைக்கு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "அவுக பேர மேல தூக்குத்தா", "இவுகள அங்குட்டு வை" என்று அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். நூற்றுச் சொச்சம் பெயர். காலையில் உட்கார்ந்தது மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்விட்டது. எல்லாம் முடிந்ததும் அம்பலம் இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்திருந்த காகிதங்களை வாங்கி, என் கண்ணெதிரே சுக்குச் சுக்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இனிமே இதுதேன். வெள்ளிக்கெழம நல்ல நேரத்துல வாரோம். மொதப் பிரதி எடுத்து அய்யனாருகிட்ட வச்சப்பறந்தேன் வெளிய விடணும். அதுவரைக்கும் பிரிண்டும் வேணாம், போனுல போட்டோவும் வேணாம். எவனாச்சும் வாட்சப்புல போட்டான்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுருவாய்ங்க."

ஆக, எட்டு வருடச் சமாதானம் என் மெஷினில் மட்டும் இருந்தது. அது திங்கட்கிழமை.

புதன்கிழமை அந்த மெஷினில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு வந்தது. பங்குனி முகூர்த்தம். மூன்று கல்யாண வீட்டார் பத்திரிகைக்காகக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எதை அழிக்கலாம் என்று தேடினேன். ‘தொடாதே’ கண்ணில் பட்டது. எப்போதோ ஏற்றி முடித்த லினக்ஸ், இனி இது எதற்கு என்று நினைத்தேன். பெயரைப் படித்துக்கொண்டேதான் அழித்தேன். மறுபடி மெஷினைப் போட்டபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். காளையார்கோவிலில் இருந்தார். "சாயங்காலம் வந்துர்றேன். அதுவரைக்கும் யாரையும் கை வைக்க விடாத. உள்ள என்ன இருக்கு? என்னத்தச் செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலக்கா. தானா நின்னுருச்சு" என்றேன்.

கல்யாண வீட்டார் அவசரப்படுத்தினார்கள். சாயங்காலம் வரை பொறுக்க எனக்கும் மனமில்லை. அதைவிட, ‘தொடாதே’யைத் தொட்டுவிட்டேன் என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் வருமுன் சரிசெய்துவிட்டால் போயிற்று என்று வேறொரு ஆளைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்த உடனே ஃபார்மேட் என்றார். "என் ஃபைலெல்லாம் இருக்குற டி டிரைவ் அப்படியே இருக்கும்ல?" என்று கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பதிலே போதும் என்று தலையாட்டிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மெஷின் புத்தம் புதிதாக எழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். வளையலைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"வாசக்கதவுதேன் போயிருந்துச்சு. வீடு அப்படியே உள்ள இருந்துருக்கும். அரை மணி நேரத்துல கதவ மாட்டியிருப்பேன்." அப்புறம் கேட்டார். "ஏத்தா, அந்தச் சின்னத் துண்டு எப்படிப் போச்சு? சொல்லு."

"எனக்கென்னக்கா தெரியும். வந்த ஆளு அழிச்சிருப்பாரு" என்றேன்.

அது இரண்டாவது தடவை. டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய் இரண்டு நாள் போராடினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொண்டுவந்து கொடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் பாதி மீண்டிருந்தது. புரவி எடுப்புப் பட்டியல் வரவில்லை. "அது இருந்த எடத்து மேலயே புதுசா எழுதிட்டாய்ங்க" என்றார். என் தம்பிக்கு எழுதிய மூன்று கடிதங்களில் இரண்டைக் கண்டுபிடித்துத் தனியாக வைத்திருந்தார்.

அன்று ஒன்பதரை மணிக்கு அம்பலம் வந்தார். கையில் தாம்பாளம், மஞ்சள், வெற்றிலை. பின்னால் கரைக்கு ஒருவராக நாலு பேர். நான் எழுந்து நின்றேன்.

"ஃபைலு போயிருச்சுங்கய்யா."

"எப்படிப் போச்சு? யாரு கை வச்சது?"

போன வாரம் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று அக்கா வந்து பார்த்திருந்தார். அதற்கப்புறம் இந்த இரண்டு நாளும் டிஸ்க் அவரிடம்தான் இருந்தது. எல்லாம் உண்மை. "அந்த அக்காதான் வந்து பாத்தாக. டிஸ்க்கு அவுககிட்டதான் இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு பொய்கூட அதில் இல்லை என்று அப்புறம் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அம்பலத்தின் பின்னால் நின்ற ஒருவர், "மூணாங்கரை வீட்டு மருமகதான அது?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதிய பட்டியலில் மூன்றாம் கரைதான் கீழே இறங்கியிருந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த ஒரு நிமிடம் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. தாம்பாளத்து வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே நானும் நின்றேன்.

ஊர்க்கூட்டம் போட்டு அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததை நிம்மதியாகத்தான் நினைத்தேன், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். புரவி எடுப்பு நின்றது. மூன்றாம் கரைக்குக் கோயில் மரியாதை நின்றது. ‘அழிச்ச பொம்பள’ என்ற பெயர் ஊர் தாண்டி காரைக்குடிக்கு வந்தது. அந்தப் பெயர் எடுத்தவரை யார் தன் மெஷினைத் தொடவிடுவார்கள்? நெற்குப்பை ஆச்சி வீட்டில்கூட அப்புறம் வேறு ஆளைத்தான் கூப்பிட்டார்கள்.

கூட்டம் முடிந்து நாலைந்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். ஸ்கூட்டி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். எதிரே உட்கார்ந்தார். நான் மெஷினை அவர் பக்கம் திருப்பினேன். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. வளையல்கள் கையிலேயே இருந்தன.

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லுத்தா" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிற அதே குரல்தான். மூன்றாவது தடவை என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும். தொண்டைவரை வந்தது. கடை நினைவுக்கு வந்தது, நாலு கரை ஆட்களும் வாசலில் வந்து நிற்பது கண்ணுக்கு முன் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

நோட்டை அவர் வெளியே எடுக்கவில்லை. "சரி, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தண்ணீர் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த மாதமே குடும்பத்தோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். போன் நம்பர் மாறிவிட்டது.

ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் புது மெஷின் வாங்கினேன். பழைய சாஃப்ட்வேருக்காக அதிலும் இரண்டு பக்கம் வேண்டியிருந்தது. கடைக்காரர் பென் டிரைவ் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டு, அக்கா செய்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் செய்தேன். வளையலைக் கழற்றி மானிட்டரில் மாட்டினேன். இடத்தைச் சுருக்கினேன். சின்னத் துண்டைப் பிரித்தேன். இரண்டு நாள் ஆனது, நடுவில் இரண்டு தடவை தவறிப்போனது, மூன்றாம் தடவை பட்டியல் வந்து எந்தப் பக்கம் என்று கேட்டது. துண்டுக்கு ‘தொடாதே’ என்று பெயர் வைத்தேன். பார்த்துச் சரி என்று சொல்ல ஆளில்லை.

இந்த வாரம் அம்பலம் வந்தார். மூப்பு தெரிந்தது, கைத்தடி வந்திருக்கிறது. மறுபடி சமாதானம் ஆகிவிட்டதாம், இந்த வருடம் புரவி எடுப்பாம். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்தத் தடவ போட்டோ எடுத்துக்கிருவோம்த்தா. போன தடவதேன் அந்தப் பொம்பள அழிச்சுப்புட்டுப் போயிருச்சே" என்றார்.

"அவுக அழிக்கலங்கய்யா. நாந்தான் அழிச்சேன்" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

அம்பலம் சிரித்தார். "விடுத்தா. போனது போச்சு."

"இல்லங்கய்யா. அவுக தொடாதன்னு சொன்னத நான் தொட்டேன். அப்பறம் வேற ஆளக் கூப்ட்டு எல்லாத்தையும் அழிச்சது நாந்தான். அவுக அத மீட்கத்தான் ரெண்டு நாள் கெடந்தாக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "அந்தப் புள்ளதேன் கூட்டத்துல ஒத்துக்கிருச்சேத்தா. கோயிலு வாசல்ல நின்னு, ‘எங்க கரைக்காரவுக யாரும் சொல்லல, கடைக்காரப் புள்ள மேலயும் தப்பில்ல, நாந்தேன் கை தவறி அழிச்சுப்புட்டேன்’னு நாலு பேரு முன்னாடி சொல்லுச்சு. ஒன்னையக் கூப்புட வேணாம்னு சொன்னதும் அதுதேன்."

என்னிடம் மூன்றாவது தடவை கேட்க வருவதற்கு முன்பே அவர் அதைச் சொல்லி முடித்திருக்கிறார். நான் சொல்லியிருந்தாலும் ஊர்ப் பேச்சு மாறியிருக்காது. உண்மையை என் வாயால் கேட்க மட்டும்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"நாந்தாங்கய்யா அழிச்சேன்" என்றேன், மூன்றாவது தடவையாக. அழுதுகொண்டே சொன்னேன்.

அம்பலம் கைத்தடியை ஊன்றி எழுந்து என் தலையில் கை வைத்தார்.

"ஊரே தூத்துன ஒரு புள்ளைக்காக இம்புட்டு பரிஞ்சு பேசுறயே. ஒனக்கு நல்ல மனசுத்தா" என்றார். "சரி, கண்ணத் தொடச்சுக்க. மொதக் கரையில இருந்து அடி."